அந்த நாலு பிளக்கையும் சரிசெய்தது நான்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. கிள்ளானில் ரயில்வே லயத்துக்குப் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும்தான் படித்தேன். அதன் பிறகு எழுதியதெல்லாம் சாமான் சீட்டும், ஊருக்குப் போட்ட இரண்டொரு கடிதமும்தான். ஞாபகமும் முன்னைப் போல் இல்லை. காலையில் வைத்த மூக்குக் கண்ணாடியை மத்தியானம் வரை தேடுகிறேன். முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் எழுதிவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேசுகிற பழக்கமும் எனக்கு இல்லை. கல்யாண வீட்டில் கூட ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்துவிட்டு வருகிறவள் நான். அப்படிப்பட்டவள் ஏன் எழுத வந்தேன் என்றால், போன மாதம் என் மருமகள் ஒரு மலரைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்தக் காலத்தில் வாழ்ந்த பெரியவர்களைப் பற்றிய மலர். அதில் எங்கள் ஐயாவைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. பேரைக் கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கோயிலுக்குச் செய்தது, பள்ளிக்கூடத்துக்குச் செய்தது எல்லாம் எழுதியிருந்தார்கள். அவ்வளவும் உண்மை. கடைசியில் ஒரு வரி. அவர் தம்முடைய சின்னக் காரின் ஸ்பார்க் பிளக்குகளைத் தாமே பார்த்து வாங்கி, தாமே இடைவெளி வைத்து, டிரைவரைக் கூடத் தொடவிடாமல் பேணினாராம்.

திரும்ப வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். அப்படித்தான் போட்டிருந்தது.

டிரைவரைக் கூடத் தொடவிடாமல். அந்த டிரைவர் என் வீட்டுக்காரர். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவர் இருந்தால், "போகட்டும் விடு புள்ள" என்று சொல்லியிருப்பார். நான் விடப்போவதில்லை. அன்றைக்கு அடுப்பில் இருந்த சாம்பார் அடிப்பிடித்துப் போனது கூட எனக்குத் தெரியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். என் வீட்டுக்காரர் என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. ஐயாவின் மனைவியை நாங்கள் அம்மா என்போம். அவர்கள் வீட்டுக் குசினிக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. அதில்தான் நாங்கள் இருந்தோம். எட்டிப் பார்த்தால் தண்டவாளம் தெரியும். நான் அம்மாவுக்குச் சமையலில் கூடமாட உதவி செய்வேன்.

கார், சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கியது. நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும், அவ்வளவு சின்னது. வாங்கும்போதே பழசு. எண்ணெய் குடிக்கும். காலையில் எடுத்தால் பின்னால் நீலப்புகை வரும். ஐயா ஆபீஸ் முடிந்து திரும்பும்போது, வண்டியைக் காண்பதற்கு முன்னால் சத்தத்தை வைத்தே உலை வைத்துவிடுவேன். நாலு சிலிண்டரும் ஒழுங்காக அடித்தால் ஒரு சத்தம். ஒன்று படுத்துக்கொண்டால் நொண்டி நடக்கிற மாதிரி ஒரு சத்தம். இதெல்லாம் எனக்கு என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தது.

பிளக்கு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். மேலே வெள்ளைப் பீங்கான், கீழே இரும்பு மரை. அடியில் நடுக்கம்பி ஒன்று; அதற்கு எதிரே ஓரத்திலிருந்து வளைந்து வருகிற கம்பி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் நெருப்புப்பொறி தாவினால்தான் இஞ்சின் ஓடும். சந்து அகலமாக இருந்தால் பொறி தாவாது. ரொம்பக் குறுகலாக இருந்தால் பொறிக்குச் சத்து இருக்காது, எண்ணெய்க்கரி வந்து அடைத்தும் கொள்ளும். நாலு பிளக்கிலும் சந்து ஒரே அளவாக இருக்க வேண்டும்.

அந்தச் சந்தை அளக்க அவரிடம் விசிறி போல விரியும் மெல்லிய இரும்புத் தகடுகள் இருந்தன. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு எண் வெட்டியிருக்கும். எங்கள் காருக்குப் பதினெட்டு என்று போட்ட தகடு. தகடு சந்துக்குள் போக வேண்டும், ஆனால் சும்மா வழுக்கிக்கொண்டு போகக்கூடாது. எண்ணெய் வைத்த தலையில் பல் நெருக்கமான சீப்பு போகும் பாருங்கள், அப்படி இலேசாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

நாற்பது தாண்டினதும் அவருக்குக் கிட்டப் பார்வை மங்கிவிட்டது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற இஞ்சினின் நம்பரை வாசிப்பார். கையில் இருக்கிற பிளக்கின் சந்து தெரியாது. கையை நீட்டி நீட்டிப் பார்ப்பார். கண்ணாடி போடப் பயம். கண்ணாடி போட்ட டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? ஆகவே ஐயா ஆபீசுக்குப் போனபின் குசினிப் படியில் உட்கார்ந்து நான்தான் செய்தேன். பெட்ரோலில் நனைத்த தேங்காய் நாரால் கரியைத் தேய்த்து எடுப்பேன். பீங்கானை உலர்ந்த துணியால் துடைப்பேன். பிறகு சின்ன பிளையரால் ஓரக்கம்பியை மட்டும் மயிரிழை மயிரிழையாக வளைத்து அளவு வைப்பேன். நடுக்கம்பியைத் தொடக்கூடாது, தொட்டால் உள்ளே பீங்கான் விரிசல் விடும். அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு, "புடிக்குதா?" என்று கேட்பார். "புடிக்குது" என்பேன். எங்கள் இரண்டு பேரையும் தவிர இது வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு வருஷம், சரஸ்வதி பூசைக்கு ஒரு வாரம் முன்னால், புது பிளக்கு வாங்க ஐயாவும் அவரும் டவுனில் ஒரு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் புதுக் கார் படம் போட்ட பெட்டியை எடுத்து நீட்டி, இதைவிட நல்லது இல்லை என்றிருக்கிறார். விலையும் அதிகம். ஐயாவுக்கும் அதன் மேல் ஆசை. என் வீட்டுக்காரர் பெட்டியைப் பார்க்கவில்லை. பிளக்கைக் கவிழ்த்து வாயைப் பார்த்தார். உள்ளே இருக்கிற பீங்கான் மூக்கு குட்டையாக இருந்தால் பிளக்கு சீக்கிரம் ஆறிவிடும். புது இஞ்சினுக்கு அது சரி. எண்ணெய் குடிக்கிற பழைய இஞ்சினுக்கு மூக்கு நீளமானது வேண்டும். அதுதான் சூடாக இருந்து எண்ணெயை எரித்துத் தள்ளும். குட்டையைப் போட்டால் நாலு நாளில் சட்டியடி மாதிரிக் கரியப்பிக்கொள்ளும். இதை அவர் ஐயாவிடம் மெதுவாகச் சொன்னாராம். ஐயா கேட்டுக்கொண்டார். நீள மூக்கு உள்ளதையே வாங்கினார்கள். ஆனால் நாலு பேர் நிற்கிற கடையில் ஒரு டிரைவர் வாய் திறந்தது கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. அதை அவர் மறக்கவும் இல்லை.

பெட்டியிலிருந்து எடுத்த புது பிளக்கில் சந்து அகலமாக இருந்தது. புதுக் கார்களின் கரண்டுக்கு அது ஒத்துவரும். எங்கள் காரில் பொறிக்குக் கரண்டு கொடுக்கிற மேக்னெட்டோ பழசு. அவ்வளவு தூரம் பொறியைத் தாவவிட அதற்குச் சக்தி இல்லை. ஆகவே புதுசையும் படியில் வைத்துப் பிளையரால் வளைத்துப் பதினெட்டுக்குக் கொண்டுவந்தேன். வளைத்த இடத்தில் பிளையரின் பல் பதியும். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

பூசை அன்றைக்குக் காரைக் கழுவி, ஜாக்கி, ஸ்பேனர், காற்றுப் பம்பு எல்லாவற்றையும் முன்னால் பரப்பி வைத்தோம். என் வீட்டுக்காரர் கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டோடு போயிருந்தார். அம்மாவுக்கு மறுநாள் பெரிய காரியம் ஒன்று இருந்தது. விஜயதசமி அன்று காலையில் நல்ல நேரத்தில் கிள்ளானுக்குப் போய் மூத்த மகளின் சம்பந்தத்தை முடிவு செய்ய வேண்டும். ஆகவே அம்மா காருக்குப் பொட்டு வைப்பதில் ஒரு குறையும் விடவில்லை. சக்கரத்துக்கு வைத்தார், விளக்குகளுக்கு வைத்தார். பிறகு இஞ்சின் மூடியை, அதுதான் பானெட்டை, திறக்கச் சொன்னார்.

"உயிர் இருக்கிற இடத்துக்கு வைக்காமல் வெளியில மட்டும் வைச்சு என்ன பிள்ளை?"

நான் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு பிளக்கும் வரிசையாக வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. அம்மா ஒவ்வொன்றின் பீங்கானிலும் திருநீற்றை மூன்று கோடாகக் குழைத்துப் பூசி, மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தார். நாலு சாமிப்பிள்ளைகள் நிற்கிற மாதிரி அழகாகத்தான் இருந்தது.

எனக்குத் தெரியும். பீங்கான் சுத்தமாகவும் ஈரம் இல்லாமலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்டு பொறிக்குப் போகாமல் வெளிப்பக்கமாகவே வழிந்து இரும்புக்குப் போய்விடும் என்று அவர் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார். தெரிந்துகொண்டே பேசாமல் நின்றேன். பூசை நேரம், பெரிய வீட்டு அம்மா, மங்கல காரியம். நான் யார் சொல்வதற்கு? அந்த வாய் அன்றைக்குத் திறந்திருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இல்லை. என் மேல் எனக்கு இருக்கிற கோபமும் இன்றைக்கு வரை ஆறவில்லை.

அவர் திரும்பி வந்தபோது பானெட் மூடி மாலை போட்டாகிவிட்டது. பூசைக்கு வைத்ததை மறுநாள் எடுக்கிற வரை திறக்க மாட்டார்கள். மறுநாள் விடிந்ததும் கிளம்ப வேண்டியிருந்தது. இரவு நானாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். வீடெல்லாம் பலகார வேலை. சொல்ல மறந்தேன் என்று எழுதினால் பொய். காய்ந்துவிட்டது, ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் வண்டி நன்றாகத்தான் கிளம்பியது. காய்ந்த சந்தனம் ஒன்றும் செய்யவில்லை. கிள்ளான் வழியில் பத்து தீகா என்கிற ஊர்ப் பக்கம் போகும்போது மழை பிடித்தது. அந்தக் காரின் பானெட் பக்கவாட்டில் வரி வரியாகத் திறந்திருக்கும். தண்ணீர் உள்ளே தெறித்தது. திருநீறும் சந்தனமும் ஊறின. முதலில் ஒரு சிலிண்டர் படுத்தது, பிறகு இரண்டு. வண்டி நின்றே போனது. அவர் இறங்கி மழையில் பானெட்டைத் திறந்து பார்த்து, துண்டால் துடைத்திருக்கிறார். துண்டும் ஈரம், கையும் ஈரம். பொறி தாவாத பிளக்குகளில் அதற்குள் எண்ணெய் ஏறிக் கறுத்துவிட்டது. ஐயாவும் அம்மாவும் பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போனார்கள். நல்ல நேரம் தாண்டித்தான் போய்ச் சேர்ந்தார்கள். சம்பந்தம் வேறொரு நாள் முடிவாகி, அந்தப் பிள்ளை நன்றாகவே வாழ்ந்தது. ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?

காரை ஒரு லோரி இழுத்துக்கொண்டு வந்து டவுனில் விட்டது. அதே கடைக்காரரின் பட்டறை. அவர் நாலு பிளக்கையும் கழற்றி, மேலே இருந்த சந்தனக் குழம்பைத் துடைத்து எடுத்துவிட்டு, தாம் முதலில் காட்டிய குட்டை மூக்கு பிளக்குகளைப் போட்டார். வண்டி ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? உலர்ந்த பீங்கான். பிறகு ஐயாவிடம் கழற்றியதைக் காட்டி, தாம் விற்றது இது இல்லை என்றார். ஒரு வாரத்தில் இப்படிக் கறுக்குமா, புது பிளக்கின் கம்பியில் பிளையர் கடித்த அடையாளம் இருக்குமா என்று கேட்டார். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போடுவதுதான் முறையாம். யாரோ புதுசை எடுத்து வெளியே விற்றுவிட்டு, அதே மாதிரிப் பழசை மாட்டியிருக்கிறார்கள் என்றார். யாரோ என்றுதான் சொன்னார். கார் பக்கம் போகிறவர் ஒருவர்தானே.

ஐயா படித்தவர். ஆபீசில் ஒரு காகிதத்தைப் பத்து தரம் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார் என்பார்கள். இங்கே ஒரு தரம் கூட யோசிக்கவில்லை. சாயந்தரம் வந்து, காகிதத்தில் சுற்றிய நாலு பிளக்கையும் குசினிப் படியில் போட்டார். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"உண்மையைச் சொல்லும். புதுசை எங்க வித்தனீர்?"

"நான் எடுக்கல ஐயா. இது அன்னைக்கு வாங்குனதுதான்."

"அப்ப இந்தக் குறடு பிடிச்ச அடையாளம் எப்பிடி வந்தது?"

 இதற்கு அவர் எப்படிப் பதில் சொல்வார்? தாமே அளவு வைத்ததாகச் சொன்னால், எங்கே வைத்துக் காட்டும் என்பார் ஐயா, கிட்டத்தில் பார்வை இல்லாதது தெரிந்துவிடும். என் மனைவி வைத்தாள் என்றாலும் அதே கதி. சந்தனத்தைச் சொன்னால் பழி அம்மா மேல் போகும். அந்த அடையாளம் என் கை. என் கை வைத்த அடையாளத்துக்கு அவர் தலை குனிந்து நிற்கிறார்.

"ஞாயிற்றுக்கிழமையோட சாமானை எடுத்துக்கொண்டு போம். கடிதம் கிடிதம் எண்டு கேட்டு என்ர வாசலுக்கு வரவேண்டாம். கள்ளனுக்கு நான் கடிதம் எழுதிறதில்லை."

கடிதம் என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வேலை பார்த்த இடத்து ஐயாவோ துரையோ, இன்னார் இத்தனை வருஷம் என்னிடம் வேலை செய்தார், இப்படிப்பட்டவர் என்று இங்கிலீஷில் எழுதித் தருவது. டிரைவர் வேலை கேட்டுப் போனால் லைசென்ஸைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள். கடிதம் இல்லாமல் ஒருவன் வந்தால் அவன் எதையோ செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம். காரணம் கூடக் கேட்க மாட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் கார் வைத்திருந்த வீடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று தெரிந்தவை. என் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது.

அவர் சாமானைக் கட்ட ஆரம்பித்தார். ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு பாயும்தான். "கிள்ளானுக்குப் போயிடலாம், உங்க அப்பா வீட்டுல கொஞ்ச நாள்" என்றார். அவர் குரலில் கோபம் கூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. எட்டு வருஷம் அந்த வீட்டு உப்பைத் தின்று, ஒரு திருகாணியைக் கூடக் கையில் மறைத்து எடுத்தவர் இல்லை. அதைத் தெரிந்த மனிதர் நாலு பேர் அந்த வீட்டில் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை என்பதையும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை முழுதும் அந்த நாலு பிளக்கும் காகிதத்தோடு படியில் கிடந்தன. சாயந்தரம் எடுத்தேன். பெட்ரோலும் நாரும் போட்டுத் தேய்த்தேன். பீங்கானை அடுப்பு அனலில் காயவைத்தேன். தகட்டை விட்டுப் பார்த்தேன். நாலிலும் அளவு நான் வைத்தபடியே இருந்தது. புதுசு இன்னும் புதுசாகத்தான் இருந்தது, மேலே கரிதான் ஏறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐயா வெளியே நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முந்தானையில் பிளக்குகளை ஏந்திக்கொண்டு காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஐயா முன்னால் அப்படி நான் ஒருநாளும் நின்றதில்லை.  என் வீட்டுக்காரர் ஓடி வந்து, "உள்ள போ" என்றார். நான் போகவில்லை. "இதைப் பூட்டுங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஐயா பேப்பரை இறக்கினார். என்ன நினைத்தாரோ, பூட்டச் சொன்னார். என் வீட்டுக்காரர் கடைக்காரரின் பிளக்குகளைக் கழற்றி, என்னுடைய நாலையும் பூட்டிக் காரைக் கிளப்பினார். நாலும் சேர்ந்து தாளம் தப்பாமல் அடித்தன. சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தார்.

நான் பூசை அறைக்குப் போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தேன். திருநீற்றையும் சந்தனத்தையும் தண்ணீரில் குழைத்தேன். காரை நிறுத்தச் சொல்லி, முதல் பிளக்கின் பீங்கானில் அடியிலிருந்து நுனி வரை பூசினேன். கிளப்பச் சொன்னேன். வண்டி நொண்டியது. நிறுத்தச் சொல்லி இரண்டாவதிலும் பூசினேன். பிறகு கிளம்பவே இல்லை. துணியால் இரண்டையும் துடைத்து, நன்றாக உலர்த்தி, கிளப்பச் சொன்னேன். நாலும் அடித்தன.

இவ்வளவும் செய்து முடிக்கிறவரை நான் ஐயா முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாதான் பேசினார்.

"அண்டைக்கு நான்தான் வைச்சனான்" என்றார். "எல்லாத்துக்கும் நான்தான் வைச்சனான்."

அம்மா ஒத்துக்கொண்டதை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன். அந்த வீட்டில் அன்றைக்கு நிமிர்ந்து நின்றவர் அவர் ஒருவர்தான். ஆனால் பாருங்கள், அதைக் கேட்ட ஐயா அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை, தெரியாமல் செய்தது. தெரிந்தோ தெரியாமலோ எதுவுமே செய்யாதவரைத்தான் கள்ளன் என்றார்.

"அந்த அடையாளம்?" என்று ஐயா கேட்டார்.

நான் பிளையரையும் தகட்டையும் எடுத்துக் காட்டினேன். "நான் வச்சது" என்றேன். ஐயாவிடம் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஐயா என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஏன் காணும், உமக்குக் கண் தெரியாதோ?"

"தூரம் நல்லாத் தெரியும் ஐயா. கிட்டத்துலதான்…"

ஐயா தண்டவாளத்துப் பக்கம் கை காட்டி, தூரத்தில் நின்ற இஞ்சினின் நம்பரை வாசிக்கச் சொன்னார். அவர் வாசித்தார். ஐயாவுக்கு அது சரியா என்று தெரியவில்லை. அவருக்குத்தான் தூரம் தெரியாது. உள்ளே போய்த் தம் கண்ணாடியை எடுத்து வந்து போட்டுப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. "ம்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு எட்டு மணிக்கு வண்டியை எடும்" என்றார். குளிக்கப் போய்விட்டார்.

அவ்வளவுதான். கள்ளன் என்று சொன்னது படியில் வைத்து, அக்கம்பக்கம் கேட்க. அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது எங்கேயும் இல்லை, ஒருநாளும் இல்லை. குளித்துவிட்டு வந்தாவது சொல்வார் என்று நான் குசினி ஓரத்தில் நின்று பார்த்தேன். சாப்பாடு போடச் சொன்னார்.

மத்தியானம் அம்மா ஒரு புதுச் சேலையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன், கட்டவில்லை. எனக்கு வேறு ஒன்று வேண்டும் என்றேன். என்றைக்காவது ஐயா என் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினால், அதில் நேர்மையானவர் என்று ஒரு வார்த்தை இருக்க வேண்டும், அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன்.  அம்மா அடுப்புக்கரியை எடுத்து, அந்த இங்கிலீஷ் வார்த்தையை விறகுச் சிராயில் எழுதிக் காட்டினார். "வடிவாப் பார்த்து வைச்சுக்கொள் பிள்ளை. இதுதான் அந்தச் சொல்லு." அந்தச் சிராயை நான் எரிக்கவில்லை.

அதன் பிறகு ஆறு வருஷம் அந்த வீட்டில் இருந்தோம். கடைக்காரரின் குட்டை மூக்கு பிளக்குகளை ஐயா ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்த்தார். நாலாம் நாளே கரியப்பி நின்றது. பிறகு வாங்கினதெல்லாம் என் வீட்டுக்காரர் வாயைப் பார்த்து எடுத்த நீள மூக்குத்தான். மாதம் ஒரு தரம் நாலையும் கழற்றி என்னிடம் கொடுப்பார். நான் சுத்தம் செய்து அளவு வைத்து ஒரு தட்டில் வைப்பேன். ஐயா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தம் மேசையில் வைத்துக்கொள்வார். சாயந்தரம் வருகிற சிநேகிதர்கள் பார்ப்பார்கள். ஐயா தகட்டை விட்டு விட்டு எடுத்துக் காட்டுவார். டிரைவர்மாரை நம்பி இதையெல்லாம் விடக்கூடாது என்பார். தேத்தண்ணீர் கொண்டுபோன நான் இரண்டு காதாலும் கேட்டேன். கையில் தட்டு. கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

அந்தச் சிநேகிதர்களில் ஒருவருடைய பிள்ளையோ யாரோதான் மலரில் எழுதியிருக்க வேண்டும். அவர்களைக் குறை சொல்லவில்லை. கேட்டதை எழுதியிருக்கிறார்கள்.

ஐயா பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிற சமயம் கடிதம் எழுதித் தந்தார். அம்மா அதைக் கொண்டுவந்து என்னிடம்தான் கொடுத்தார், அவரிடம் இல்லை. மூன்றாவது வரியில் விரலை வைத்தார். நான் சிராயை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து இருந்தது. நகத்தால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்தேன். மீதியைப் பின்னால் ஒரு வாத்தியார் வாசித்துச் சொன்னார். கவனமானவர், குடிக்காதவர், நேர்மையானவர் என்று இருந்தது. அதற்குக் கீழே, பிளக்குகள் போன்ற நுட்பமான வேலைகளை நான் நேரடியாகக் கவனித்துக்கொண்டேன் என்றும் இருந்தது. வாத்தியார் அதை வாசித்தபோது என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் அவருக்குக் கேரி தீவில் தோட்டத்து ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுகிற வேலை கிடைத்தது. அங்கே வேலைக்கு எடுத்தவர் அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் விரலால் தட்டிக் காட்டினாராம். எந்த வார்த்தை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் பிளக்குகளுக்கு அளவு வைத்தது நான்தான். வேலைக்கு எடுத்த அந்தப் பெரியவர் வந்து பார்த்து, "அக்கா வச்சா வண்டி நிக்காது" என்று நாலு பேர் முன்னால் சொல்வார். அதற்கு என்ன செலவாகிவிட்டது?

கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மடிப்பில் கிழிந்துவிட்டது, நகக்கோடு தெரிகிறது. மலர் போட்டவர்கள் வந்தால் காட்டுகிறேன். ஐயாவைப் பற்றி எழுதிய நல்லதையெல்லாம் அப்படியே வைத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு வரியை மட்டும் எடுக்க வேண்டும்.

நான் எழுதியதிலும் தவறு இருக்கும். தகட்டின் எண் பதினெட்டா இருபதா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. பதினெட்டு என்றுதான் கை சொல்கிறது. கார் நின்றது பத்து தீகாவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றும் தெரியவில்லை. பழைய சின்னக் கார் வைத்திருப்பவர்கள், மேக்னெட்டோ பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்துப் பார்த்து, எங்கே பிசகு இருக்கிறதோ அதைத் திருத்திக் கொடுக்க வேண்டும். ஈரச் சந்தனம் விஷயத்தில் சந்தேகம் இருந்தால், ஒரு பிளக்கில் பூசிப் பார்த்துவிட்டே எழுதுங்கள்.